இடப்பக்கம் இல்லாத விமானம்

முதல் அறிகுறி தலைவலி அல்ல, மயக்கம் அல்ல. ஒரு பொம்மை விமானம். என் கணவர் சேவியர், சேலத்து மலைமேல் இருக்கும் கொட்டச்சேட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் மெக்கானிக். சேலத்துப் பழைய பேப்பர் கடையில் கிடைத்த வரைபடத்தைப் பார்த்து, மேலும் கீழுமாக இரண்டடுக்கு இறக்கை கொண்ட பழங்கால விமானத்தைச் சிறிய அளவில் கட்டிக்கொண்டிருந்தார். மூங்கில் சிம்பு, பட்டத்தாள், தையல் நூல். எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் மிஷன் பள்ளி டீச்சர். அந்த வருஷம் முழுக்கச் சாப்பாட்டு மேசை அவருக்கு, தரை எனக்கு.

"முடிஞ்சுது, வந்து பாரு புள்ள" என்று ஒரு மாலை கூப்பிட்டார்.

வலப்பக்கம் இரண்டு இறக்கைகள், நடுவே முட்டுக் குச்சிகள், இழுத்துக் கட்டிய நூல்கள், எல்லாம் கச்சிதம். இடப்பக்கம் ஒன்றுமே இல்லை.

கேலி செய்கிறார் என்று சிரித்தேன். "ஏனுங்க, இது நொண்டி விமானமுங்களா?"

"பிளான்ல இருக்கறதத்தான் கட்டியிருக்கறேன்" என்றார், கோபமாக.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய வரைபடங்களில் பெரும்பாலும் ஒரு பக்க இறக்கையைத்தான் வரைந்திருப்பார்கள். தாளில் தேங்காயெண்ணெய் தடவினால் கோடுகள் பின்னால் தெரியும். புரட்டிப் போட்டு மறுபக்கத்தைக் கட்ட வேண்டும். எனக்கு அதைச் சொல்லித் தந்தவரே அவர்தான். எண்ணெய் தடவிய தாள் மேசைமேலேயே கிடந்தது, அவருக்கு இடப்பக்கமாக. மறுநாளே அவரைச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன்.

சேலத்தில் டாக்டர் ஒரு பூ வரையச் சொன்னார். இதழ்கள் எல்லாம் வலப்பக்கமே இருந்தன. "கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்கம்மா. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை விட்டுட்டுது" என்றார். இதற்கு ஒருபக்கப் புறக்கணிப்பு என்று பெயர் (பார்வை இருந்தும் ஒரு பக்க உலகம் மனத்தில் பதியாத நிலை). சென்னையில் ஸ்கேன் எடுத்தபோது காரணம் தெரிந்தது: க்ளையோமா (மூளைத் திசுவிலேயே வளரும் கட்டி). ஆப்பரேஷன் செய்தார்கள், பிறகு கதிர்வீச்சு.

ஊருக்குத் திரும்பியபின் சில மாதங்கள் இடப்பக்கமும் திரும்பி வந்தது. "இத யாரு புள்ள பாதியில உட்டது?" என்று விமானத்தைப் பார்த்துக் கேட்டார். இடது கீழ் இறக்கையைக் கட்டி முடித்தார். நான் முழுதாக நம்பிவிட்டேன். நம்பியதற்குத்தான் இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம்.

மேல் இறக்கையைத் தொடங்குமுன், ஒரு காலை பாதி முகம் மட்டும் சவரம் செய்துகொண்டு வேலைக்குக் கிளம்பினார். கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. "இனி வேதனையில்லாம பாத்துக்கலாமுங்கம்மா" என்றார் டாக்டர். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம், பூமி வேண்டாம், புருஷனைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இதே நோயோடு ஒருவரை வீட்டில் வைத்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல செய்தி இல்லை. அவருக்கு வலப்பக்கமாக நின்று பேசுங்கள். இடப்பக்கம் நின்று கூப்பிட்டுவிட்டு, பதில் வரவில்லையே என்று அழாதீர்கள்.

படுக்கையில் விழுந்தபின், தன் இடது கையே அவருக்கு அந்நியமாகிவிட்டது. "ஏம்புள்ள, இது யாரோட கை? எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்று அதை அடிப்பார், பிறாண்டுவார். உங்களுடையதுதான் என்று எத்தனையோ முறை சொல்லித் தோற்றேன். ஒரு மதியம் சலித்துப்போய், "என்னுதுதானுங்க" என்றேன்.

அடிப்பதை நிறுத்திவிட்டார். வலது கையால் அதைத் தடவிக்கொடுத்தார். "நொம்பச் சில்லுனு இருக்குதே, போர்த்திக்க புள்ள" என்றார்.

கடைசி வரைக்கும் அந்தக் கையைத்தான் பிடித்திருந்தார். நானும் என் கையை நீட்டிப் பார்த்தேன். என் கைதான் ஏற்கெனவே அவரிடம் இருந்ததே, இதை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

வருஷங்கள் ஆகிவிட்டன என்கிறார்கள். எனக்கு அந்த மதியமே இன்னும் முடியவில்லை. மார்கழிக் குளிரில் என் இடது கை மரத்துப்போனால், நான் அதைத் தேய்த்துச் சூடாக்குவதில்லை. அவர் தடவிக்கொடுத்த கை அது.