உப்புப் பார்க்காத கஞ்சி

காக்கா நம்மை விட்டுப் போய் இன்றோடு நாற்பதாம் நாள். ஃபாத்திஹா ஓதி, சோறு கொடுத்து, வந்தவர்களை வழியனுப்புவதோடு நம் வழக்கம் முடிந்துவிடும். நினைவு மலர் அச்சுப் போடுவதெல்லாம் நம்மிடம் அவ்வளவாகக் கிடையாது. மாதுங்காவிலிருந்து காக்காவின் நண்பர் சுந்தரம் சார் வந்து, "சின்னதா ஒரு மலராவது போடணும், நீர்தான் எழுதணும்" என்று பிடிவாதம் பிடித்தார். அச்சுக்கூடத்தையும் அவரே பேசி முடித்துவிட்டார். ஆகவே, உடன்பிறந்த தம்பி என்ற உரிமையில் எழுதுகிறேன். மூத்த அண்ணனைக் காக்கா என்று அழைப்பது எங்கள் பக்கத்து முஸ்லிம்களின் வழக்கம். மாதுங்கா நண்பர்கள் காகத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டால் தவறில்லை. காக்காவே அந்தக் கேலியை ரசித்தவர்தான்.

இம்மாதிரி மலர்களில் மறைந்தவர்கள் எல்லாரும் பொறுமையின் சிகரமாகவும் சாந்தமே உருவானவர்களாகவும் இருக்கிறார்கள். காக்கா அப்படி இருந்ததில்லை. உட்கார்ந்த இடத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளாது. கடைசி இரண்டு வருடங்களில் அந்தத் தவிப்பு அவரை அரித்துத் தின்றதை உறவினர்கள் பலரும் பார்த்தீர்கள். ஏன் என்று சிலர் என்னிடம் கேட்டீர்கள். அதை மழுப்பிவிட்டு "நற்குணங்கள் நிறைந்தவர்" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மேலப்பாளையத்தில் தறிக்காரர் வீட்டில் தலைமகனாகப் பிறந்தவர் காக்கா. வாப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, மீசை அரும்பும் முன்பே பம்பாய்க்கு ரயிலேறினார். தாராவியில் ஒரு தோல் ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டியில் தோல் அலசும் வேலை. கையெல்லாம் வெந்துபோகும். அந்தக் கையோடுதான் என்னைப் படிக்க வைத்தார், பிறகு இங்கே வரவழைத்தார். நாங்கள் இருவருமாகக் குர்லாவில் தோல் பை தைக்கும் பட்டறை போட்டோம். ஆபீஸ் பையின் பிடி அறுந்து அதைத் தைக்கக் கொண்டுவந்தவர்தான் சுந்தரம் சார். பை அன்றே சரியாகிவிட்டது, பேச்சு மட்டும் வருடக்கணக்கில் ஓடியது.

காக்காவுக்கும் மதினிக்கும் முதலில் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் தவழும் முன்பே போய்விட்டன. மூன்றாவதாகப் பிறந்தவள் ஆமினா. அவளும் பிறந்த சில நாட்களில் காய்ச்சல் கண்டு, பால் குடிக்காமல் கிடந்தாள். காக்கா பள்ளிவாசலுக்குப் போய் நேர்ச்சை செய்துகொண்டார். இந்தப் பிள்ளை தங்கினால், உயிருள்ளவரை ரமலானில் ஒரு நோன்பைக்கூட விடமாட்டேன், நோயானாலும் பயணமானாலும் சலுகை எடுக்கமாட்டேன் என்பது நேர்ச்சை. நோயாளிக்கும் பயணத்தில் இருப்பவருக்கும் மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. அதை வேண்டாம் என்று தாமாகவே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஆமினா பிழைத்தாள். அதன்பின் டைபாய்டு வந்த வருடம்கூட காக்கா நோன்பை விடவில்லை. டாக்டர் திட்டினார், மதினி அழுதார், காக்கா அசையவில்லை.

அறுபத்தேழாம் வருட ரமலான் டிசம்பரில் வந்தது. விடியுமுன் உண்ணும் சஹர் சாப்பாட்டுக்காகத் தாராவியில் எங்கள் சந்து விழித்திருந்த நேரத்தில் அடுப்பிலிருந்த பாத்திரம் தானாக ஆடியது. மதினி ஆமினாவை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார். எல்லாம் அடங்கி, நோன்பு வைத்து, பகலில் ரேடியோ கேட்டபோதுதான் கொய்னா அணைப் பக்கம் பூகம்பத்தில் ஊரே இடிந்து விழுந்துவிட்டது தெரிந்தது. அங்கிருந்து வரும் மின்சாரம் நின்று, பம்பாயில் ஆலைகளும் நின்றன. காக்கா வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தபடியே இருந்தார்.

"சர்க்கார் பாத்துக்கிடும் காக்கா. நோன்பு நேரத்துல சும்மா காலி பீலி எதுக்கு அலையணும்?" என்றேன்.

"பசின்னா என்னன்னு தெரியத்தானல நோன்பு. தெரிஞ்சிக்கிட்டு வீட்டுல உக்காரதுக்கா?"

மதினி கதவருகில் நின்று சொன்னார்: "போயிட்டு வாங்க. நேர்ச்சைய மறந்துராதீய. நமக்கு இருக்கது இந்தப் பிள்ள ஒண்ணுதான்."

பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய தேக்சாவைக் கேட்டு வாங்கி லாரியில் ஏற்றினோம். சுந்தரம் சாரின் பஜனை மண்டலியில் மார்கழிப் பொங்கலுக்கென்று அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்து வைத்திருந்தார்கள். மார்கழி பிறக்கச் சில நாட்களே இருந்தன. அவ்வளவையும் மூட்டையோடு கொண்டுவந்து போட்டுவிட்டு, அவரும் ஏறிக்கொண்டார். செம்பூர் மாதா கோவில்காரர்கள் கம்பளிகள் கொடுத்தனுப்பினார்கள். கறியும் போடக்கூடாது, சுந்தரம் சாருக்காகப் பூண்டும் போடக்கூடாது என்று முடிவாயிற்று. காக்கா அதைக் கஞ்சி என்றார், சுந்தரம் சார் பொங்கல் என்றார். பூனா தாண்டும் வரை இதே சண்டைதான். நான் பயணச் சலுகையை எடுத்துக்கொண்டு வழியில் ஒரு கடையில் டீ குடித்தேன். காக்கா எச்சில்கூட விழுங்காதவர் போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

போய்ச் சேர்ந்த இடத்தில் நிலம் இன்னும் அடங்கவில்லை. அவ்வப்போது காலுக்கடியில் ஒரு நடுக்கம் ஓடும், எல்லாரும் எழுந்து நிற்பார்கள். பகலிலும் குளிர். வீடுகள் இருந்த இடத்தில் கல்லும் ஓடும் குவிந்து கிடந்தன. முகாமை ஒட்டி அடுப்பு மூட்டினோம். நான் கம்பளி கொடுக்கப் போய்விட்டேன்.

தப்பு அங்கேதான் நடந்தது. காக்கா கண் திட்டத்தில் உப்பைப் போட்டுவிட்டு விறகு இறக்கப் போனார். நோன்பாளி ஆயிற்றே, உப்புப் பார்க்கவில்லை. நாக்கில் வைத்துத் துப்பலாம் என்று மார்க்கம் அனுமதித்தாலும் அவருடைய நேர்ச்சை அதையும் அனுமதிக்காது. குளித்துவிட்டு வந்த சுந்தரம் சார், நோன்பாளி எங்கே உப்புப் போட்டிருக்கப் போகிறார் என்று தம் பங்குக்கு அள்ளிப் போட்டார். அவரும் உப்புப் பார்க்கவில்லை. "பகவானுக்கு நைவேத்யம் கைகாட்டாம வாயில வெக்கப்படாது" என்பது அவர் கட்சி.

மதத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்து உதவி செய்யக்கூடாதா என்று பட்டறையில் ஒரு தோழர் பிறகு என்னிடம் கேட்டார். தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்த லாரியில் ஏறியது அரிசியிலிருந்து கம்பளி வரை எல்லாமே சாமிக்கென்றும் அல்லாஹ்வுக்கென்றும் கர்த்தருக்கென்றும் வைத்திருந்தவைதான். அதே பக்திதான் உப்பையும் இரண்டு தடவை போட்டது. இதில் எதைப் பாராட்டுவது, எதைக் கண்டிப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது பந்தி உட்கார்ந்திருந்தது. முதல் வரிசையில் நாற்பது வயதிருக்கும் ஓர் அம்மாள். பள்ளிக்கூடம் போகும் வயதில் இருந்த ஒரே மகள் சுவருக்கடியில் போய்விட்டாளாம். அன்றிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடாத அவரை அக்கம்பக்கத்தார் கெஞ்சி அன்றுதான் உட்கார வைத்திருந்தார்கள். முதல் வாய் வைத்ததும் துப்பினார்.

"கடல் தண்ணீரையா காய்ச்சிக் கொண்டுவந்தாய்?" என்று மராட்டியில் கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். மற்றவர்களும் கையை எடுத்துவிட்டார்கள்.

தேக்சாவைக் கவிழ்த்துக் கழுவி மறுபடியும் காய்ச்சினோம். இந்தத் தடவை நான் உப்புப் பார்த்தேன். காக்கா தாமே கரண்டியில் எடுத்துக்கொண்டு அந்த அம்மாளிடம் போய், மன்னித்துக்கொள்ளச் சொல்லித் தட்டில் ஊற்றினார். அவர் தட்டைத் தொடவில்லை. காக்காவைப் பார்த்து, "ஆதீ தூ கா" என்றார். முதலில் நீ தின்னு என்று அர்த்தம்.

"நான் சாப்பிடுகிறேன் மாவ்ஷி" என்று நான் முன்னே போனேன்.

"கரண்டி பிடித்தவன் தின்னட்டும்."

"அவர் ரோஜா இருக்கிறார்" என்றேன். நோன்புக்கு அங்கே அதுதான் சொல்.

அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை. "நானும்தான் பூமி ஆடியதிலிருந்து பட்டினி. என் பட்டினியை முறிக்க வந்தவன் தன்னுடையதை மட்டும் ஏன் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறான்?" என்றார்.

காக்காவுக்கு மராட்டி நன்றாகவே புரியும். வரிசை முழுவதும் அவரைப் பார்த்தது. அவர் முகம் அப்படி வெளுத்து நான் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. தட்டுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார். பிஸ்மில்லாஹ் சொன்னார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "ஆமினாவ விட்டுரு" என்றார். யாரிடம் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். உச்சிப் பகலில் ஒரு கை கஞ்சியை அள்ளி வாயில் வைத்து விழுங்கினார்.

அவர் தொண்டை இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மாள் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். முழுதும் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டார்.

நாங்கள் அங்கே இருந்தவரை ஒவ்வொரு நாளும் இதுவே நடந்தது. காக்கா வாயில் வைக்கும் வரை அவர் தொடமாட்டார், அவர் தொடும் வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். சுந்தரம் சாரும் இரண்டாம் நாளிலிருந்து கைகாட்டும் முன்பே உப்புப் பார்க்க ஆரம்பித்தார். "பகவான் பொறுத்துப்பார். இவா பொறுத்துக்க மாட்டா" என்றார். அவர் மனசு அவ்வளவில் சமாதானமாகிவிட்டது. காக்காவின் மனசு ஆகவில்லை.

பம்பாய் திரும்பியதும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனோம். ஹஜ்ரத் முழுதும் கேட்டுவிட்டு, விட்ட நோன்புகளைப் பிடித்துவிட்டால் போதும் என்றார். நேர்ச்சை முறிந்ததற்குப் பரிகாரம் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுப்பது என்றவர், சிரித்துக்கொண்டே, "நீங்க அங்க எத்தன பேருக்கு ஆக்கிப் போட்டீய?" என்று கேட்டார். எனக்குப் பாரம் இறங்கியது. காக்கா சிரிக்கவில்லை. "அது வேற ஹஜ்ரத், இது வேற" என்று எழுந்துவிட்டார்.

விட்ட நோன்புகளைப் பெருநாள் கழிந்ததும் பிடித்தார். போதவில்லை என்று திரும்பவும் பிடித்தார். ஆமினாவின் பள்ளிக்கூட வாசலில் போய் இடைவேளையில் நிற்பார். தும்மினால் டாக்டர், இருமினால் டாக்டர். தண்டவாளம் தாண்டக்கூடாது, மழையில் போகக்கூடாது. "பாத்துப் பாத்தே பிள்ளைய நோயாளி ஆக்கிருவீய போலிருக்கே" என்று மதினி சத்தம் போடுவார். பட்டறையில் பாதித் தையலில் எழுந்து குர்லாவிலிருந்து தாராவிக்கு ஓடிவிடுவார்.

அடுத்த மழைக்காலத்தில் ஆமினாவுக்கு மஞ்சள் காமாலை கண்டது. அந்த மழையில் தாராவியில் பாதிப் பிள்ளைகளுக்கு அது இருந்தது. காக்காவுக்கோ அது தீர்ப்பு. சாப்பிடாமல் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவரிடம் நான் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன்: "பிள்ளைய பறிகொடுத்தவ ஒரு வாய் சாப்பிட்டதுக்கு அல்லாஹ் ஆமினாவப் பிடிப்பானா? அப்பிடிப்பட்டவனையா காக்கா நீங்க தொழுதீய?"

என்னை வளர்த்தவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். ஆமினா தேறி எழுந்து பள்ளிக்கூடம் போனாள். அப்போதும் அவர் முகம் தெளியவில்லை.

இந்த வருடம் மழை தொடங்கியபோது காக்காவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கடைசிக்கு முந்தின நாள் மாலை, மதினி ஆமினாவை வீட்டுக்கு அழைத்துப் போன பிறகு, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"அன்னைக்கு உன்ன அடிச்சேன்லா. நீ கேட்டது சரிதான்ல."

பேச வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

"அந்தப் பொம்பள முன்னால சாப்பிட்டது தப்பில்ல. இன்னொருக்க கூப்பிட்டாலும் சாப்பிடுவேன். பயந்துக்கிட்டே சாப்பிட்டேன் பாரு, அதான் தப்பு. படைச்சவனப் போயி கந்துவட்டிக்காரன்னு நெனச்சிட்டேனே." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அவன் மொகத்துல எப்பிடில முழிப்பேன்?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேறு என்ன செய்ய முடியும்?

ஆஸ்பத்திரியில் முறைபோட்டுக் காவல் இருந்த பட்டறைத் தோழர்களுக்கும், காக்காவின் மையத்துப் பெட்டியைச் சுமந்து அடக்கம் வரை கூடநின்ற ஜமாஅத்தாருக்கும், மழையில் நனைந்து வந்து எங்களோடு நின்ற மாதுங்கா, செம்பூர் நண்பர்களுக்கும், இந்த மலரைத் தம் பொறுப்பில் அச்சிட்ட சுந்தரம் சாருக்கும், மதினி, ஆமினா சார்பிலும் என் சார்பிலும் நன்றி. கொய்னாவில் இருக்கும் அந்த அம்மாளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு வேண்டுதல். காக்காவுக்காகக் கையேந்தும்போது, கொய்னாவில் அவர் விட்ட நோன்புகளை மன்னிக்கச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம். அவரே அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் பயந்துவிட்டதற்காக மட்டும் கேளுங்கள்.