துரையின் மூன்று கிலோ பை

என் வீட்டுக்காரருக்குக் கடையில் பெயர் லேபிள் அண்ணன். பெரிய பலசரக்குக் கடை, பதினான்கு வரிசை அலமாரி. சாமான் வந்து இறங்கினால் அட்டைப்பெட்டியைப் பிரித்து அடுக்குவதும், விலை மாறினால் அலமாரி விளிம்பில் பழைய சீட்டை உரித்துப் புதுசை ஒட்டுவதும் அவர் வேலை. நான் அதே கடையில் நான்காம் நம்பர் பில் கவுண்டர். அவர் விலையை ஒட்டுவார், நான் அதை ஜனங்களிடம் வாங்கிப் போடுவேன். பதினோரு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. “என்னம்மா, போன வாரம் இந்த விலை இல்லையே” என்று கேட்பவர்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார்கள். ஒட்டிய மகராசன் ஏழாவது வரிசையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்றுதான். ஒன்பதாவது வரிசையில், இடுப்பு உயரத் தட்டில், சாம்பல் நிறப் பையில் இருக்கும் பூனைத் தீனி. மூத்திரத் தொந்தரவு உள்ள பூனைகளுக்கு மட்டும் என்று பையிலேயே அச்சடித்திருக்கும். இந்த ஒரு வருஷத்தில் அதன் விலைச்சீட்டு ஐந்து தடவை மாறியது. ஐந்தையும் ஒட்டியது என் வீட்டுக்காரர். அதைத் தின்பது எங்கள் வீட்டுத் துரை.

நாலு வருஷத்துக்கு முன்பு சோப்புப் பெட்டிகளோடு லாரியில் வந்து இறங்கிய பூனை அது. உள்ளங்கை அளவு இருந்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். “இது இருந்தா நான் இருக்க மாட்டேன்” என்றேன். அதுவும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். கூப்பிட்டால் திரும்பாது, எழுப்பினால் எழாது, தட்டு காலியானால் மட்டும் நம்மைப் பார்க்கும். அதனால்தான் துரை.

போன வருஷம் அவனுக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. இரண்டு நாள், குளியலறையில் அவன் மூத்திரம் போக வைத்திருக்கும் மண் தட்டில் உட்கார்ந்து முக்கி முக்கிக் கத்தினான். கால்நடை டாக்டரம்மா குழாய் விட்டு எடுத்தார். எங்கள் கையில் இருந்ததெல்லாம் அன்றைக்கே போயிற்று. கிளம்பும்போது அவர் சொன்னார்: “இந்தத் தீனியத் தவிர வேற எதுவும் அவன் வாயில படக் கூடாது. மறுபடி அடைச்சா, பொழைப்பான்னு என்னால சொல்ல முடியாது.”

அன்றிலிருந்து பிடித்தது சனி. யானையைக் கட்டித் தீனி போடுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அது இலை தழையைத் தின்றுவிட்டுப் பேசாமல் நிற்கும். விலை ஏறியது போதாதென்று பையும் இளைத்தது. உயரம் அதேதான், படம் அதேதான், ஓரத்தில் பொடி எழுத்தில் மூன்று கிலோ என்பது இரண்டே முக்கால் ஆகிவிட்டது. நாங்கள் இன்னும் மூன்று கிலோ பை என்றுதான் சொல்கிறோம்.

மலிவுத் தீனியைக் கலந்து பார்த்தேன். துரை ஒவ்வொன்றாக நக்கி, நல்லதை மட்டும் தின்றுவிட்டு, மலிவை எச்சில் பண்ணித் தட்டைச் சுற்றி வைத்திருந்தான். அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி அப்படி ஒரு நுணுக்கம். வேறொரு கம்பெனித் தீனியைப் பழைய சாம்பல் பையில் கொட்டி ஏமாற்றினேன். அதைத் தின்றான். ஐந்தாம் நாள் மண் தட்டில் போய் உட்கார்ந்து முக்கினான். மறுபடி டாக்டரம்மா, மறுபடி ஊசி. மிச்சம் பிடிக்கப் போனதில் ஒரு பை விலை கூடுதலாகப் போனது.

என் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று பிளந்து எட்டு மாசம் ஆகிறது. அதற்கு உறை போட ஒரு கவரில் சேர்த்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம் மென்றால் உச்சந்தலை வரை இழுக்கும். அந்தக் கவரை மட்டும் துரைக்காகத் தொடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன்.

இப்போது என் வீட்டுக்காரரின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். விலை மாறும் நாளில் புதுச் சீட்டுகள் காலையில் வரும், மத்தியானத்துக்குள் ஒட்டி முடிக்க வேண்டும். அதுவரை அலமாரியில் பழைய சீட்டு இருந்தால் பழைய விலைதான், அது கடையின் விதி. அதனால் கடையில் வேலை பார்க்கிற அத்தனை பேரும் தங்களுக்கு வேண்டிய சாமானின் சீட்டைக் கடைசியாக மாற்றச் சொல்லி, டீ நேரத்தில் போய் வாங்கிக்கொள்வார்கள். எண்ணெய், சோப்பு, பால்மாவு எல்லாம் அப்படித்தான். இவர் எல்லாருக்கும் அதைச் செய்து கொடுப்பார். பூனைத் தீனியின் சீட்டை மட்டும் முதல் வேலையாக, கடை திறக்கும் முன்பே ஒட்டிவிடுவார்.

“நம்ம வீட்டுல பூனை இருக்கறது ஊருக்கே தெரியும். நாளைக்கு ஒருத்தன் நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசக் கூடாது. மடியில கனம் இல்லன்னா வழியில பயம் இல்ல” என்பார்.

“மடியில கனம் இல்ல, சரி. பூனை தட்டுலயும் ஒண்ணும் இல்லையே” என்பேன். சிரித்துக்கொண்டு போய்விடுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கவுண்டர் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி நிற்கும். நசுங்கிய டப்பா, கிழிந்த பை எல்லாம் டேப் ஒட்டி அதில் கிடக்கும், பாதி விலை. முன்பு பிஸ்கட் வரிசையில் ஒருத்தர் வாரம் தவறாமல் ஒரு பாக்கெட்டை முழங்கையால் தெரியாமல் இடித்து, தெரிந்து வாங்கிக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒரு விதி வந்தது: யார் கையில் சேதமானதோ அவரும் அவர் வீட்டாரும் அதை வாங்கக் கூடாது. மூன்று நாள் விற்காவிட்டால், சேதமாக்கியவரே பின்கட்டுத் தொட்டியில் கொட்டி மேலே பினாயில் ஊற்ற வேண்டும்.

ஒருநாள் நான் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். “நீங்க கிழிக்க வேணாம். வேற யார் கையாலயாவது ஒரு பை கிழியாதா? எத்தன பேர் அடுக்கறாங்க.”

மறுநாளிலிருந்து அவர் அந்தச் சாம்பல் பைகள் வரும் பெட்டியை வேறு யாரையும் தொட விடவில்லை. அதோடு, மற்ற பெட்டிகளையெல்லாம் கத்தியால் கீறித் திறப்பவர், அதை மட்டும் நகத்தால் டேப்பைக் கிள்ளிக் கிள்ளித் திறக்க ஆரம்பித்தார். கத்தி தெரியாமல் கூடப் பையில் பட்டுவிடக் கூடாதாம்.

போன திங்கட்கிழமை அந்த ஒழுக்கம்தான் எங்களைக் கவிழ்த்தது. டேப் பிடிவாதமாக ஒட்டியிருந்தது. இவர் இரண்டு கையாலும் இழுத்தார். மூடி பட்டென்று பிய்ந்தது, பெட்டி சரக்கு வண்டியிலிருந்து சரிந்தது, மேலே இருந்த பை அலமாரியின் இரும்பு முனையில் மாட்டி ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. தீனி தரையெங்கும் உருண்டது. நான் கவுண்டரிலிருந்து ஓடி வரும்போது மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். இவரைவிடப் பத்து வருஷம் சின்னவர்.

“கத்தி எங்கண்ணே?”

“பாக்கெட்ல இருக்கு சார்.”

“மத்த பெட்டியெல்லாம் கத்தியாலதானே தொறந்தீங்க?”

“ஆமா சார்.”

“இத மட்டும் ஏன் கையால?”

“பையில கத்தி படக் கூடாதுன்னு சார்.”

மேனேஜர் தரையைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். “உங்க வீட்டுல பூனை இருக்குல்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். சுற்றி நின்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எவன் பேசிவிடக் கூடாது என்று இந்த மனுஷன் ஒரு வருஷமாகப் பயந்தாரோ, அத்தனை பேரும் அன்றைக்குப் பேசாமலே பேசினார்கள். எனக்கு அழுகை வந்தது. அழாமல் போய் பில் அடித்தேன்.

டேப் ஒட்டின பை பாதி விலை வண்டிக்கு வந்தது. என் கவுண்டரிலிருந்து கை நீட்டினால் தொடலாம். வீட்டில் துரைக்கு இருந்ததோ வியாழக்கிழமை ராத்திரி வரைக்குமான தீனி. சம்பளம் அடுத்த செவ்வாய்க்கிழமை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள், மூத்திரத் தொந்தரவு என்று படித்ததும் கீழே வைத்துவிடுவார்கள்.

புதன்கிழமை நான் ஒரு வேலை செய்தேன். மாடி வீட்டு அக்காவின் கையில் பாதி விலையைக் கொடுத்து, சாயந்தரம் வந்து வாங்கச் சொன்னேன். அக்காவும் வந்தார், பையை எடுத்தார், என் வரிசையிலேயே வந்து நின்றார். நான் பையை இழுத்து மெஷினில் காட்டப் போகும்போது பக்கத்தில் ஒரு கை வந்தது.

“அக்கா, உங்க வீட்டுல பூனை இல்லையே” என்றார் என் வீட்டுக்காரர்.

“தெரிஞ்சவங்களுக்கு…” என்ற அக்காவுக்குப் பொய் வரவில்லை. நேரே என்னைத்தான் பார்த்தார்.

“வேணாங்க்கா” என்று இவர் மெதுவாகப் பையை வாங்கித் திரும்ப வண்டியில் வைத்தார். அக்கா வந்ததற்கு ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு போனார்.

கடை மூடும் நேரத்தில் இவர் பையையும் பினாயில் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். நான் காத்திருக்கவில்லை. தனியாக நடந்து வீட்டுக்கு வந்தேன். அவர் வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். துரை மட்டும் அவர் கால்சட்டையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தான், தீனி வாசனை போல.

மறுநாள் காலை கிளம்பும்போது பல் கவரைப் பையில் போட்டுக்கொண்டேன். வைராக்கியமெல்லாம் துரை முக்கிக்கொண்டு உட்காரும் வரைக்கும்தான். அந்தக் கத்தலை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. கடைக்குப் போனால் இரண்டு சமாச்சாரம் காத்திருந்தது. ஒன்று, புதுச் சீட்டுக் கட்டு. அதில் சாம்பல் பைக்கு ஆறாவது ஏற்றம். இரண்டாவது, என் வீட்டுக்காரருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்.

மேனேஜர் நீட்டினார், இவர் கையெழுத்துப் போட்டார். நான் பிடுங்கிப் படித்தேன். கழிவுச் சரக்கின் மேல் பினாயில் ஊற்றவில்லை. மூன்று தெருப் பூனைகள் தின்றது கேமராவில் பதிவாகியிருக்கிறது. இனி ஒருமுறை நடந்தால் சம்பளத்தில் பிடிக்கப்படும்.

சரக்கு அறையில் அவரை மடக்கினேன். “ஏங்க ஊத்தல?”

“மூணு பூனை வந்து நின்னுச்சும்மா. ஒண்ணு சினையா இருக்கு.”

“தெருப் பூனைக்கு விதிய மீறலாம். நம்ம துரைக்கு மட்டும் மீறக் கூடாதா?”

அவர் சீட்டுக் கட்டின் ரப்பரைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “அதுல எனக்கு ஒண்ணும் கெடைக்கலையே.”

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு விதியை மீறியிருக்கிறார். அதையும் பேர் தெரியாத மூன்று பூனைகளுக்காக மீறி, வேலைக்கு உலை வைத்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் அந்தப் பினாயிலை அவர் ஊற்றியிருந்தால் நான் அவர் மூஞ்சியில் முழித்திருக்க மாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும்.

“சரி. இன்னிக்கு ஒரு நாளாவது ஒம்பதாவது வரிசைய கடைசியா வைங்க. டீ நேரத்துல வந்து பழைய விலைக்கு வாங்கிக்கறேன். பல்லு பணம் கொண்டாந்திருக்கேன்” என்றேன். கேட்டுக்கொண்டார். சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பதினொரு மணிக்குக் கவுண்டரை மூடிவிட்டுப் போனேன். மற்ற வரிசைகளில் பாதி பழைய சீட்டுதான். எண்ணெய் அப்படியே இருந்தது, பால்மாவு அப்படியே இருந்தது. ஒன்பதாவது வரிசையில், இடுப்பு உயரத் தட்டில், புதுச் சீட்டு ஒட்டியிருந்தது. துளிக் கோணல் இல்லை.

இரண்டாம் நம்பர் கவுண்டரில் பொதுஜனம் மாதிரி வரிசையில் நின்றேன். “அக்கா, பழைய சீட்டு இருக்கான்னு பாத்தீங்களா?” என்றாள் அந்தப் பெண்.

“பாத்தேம்மா. புதுசுதான். அடி.”

கவரில் மிஞ்சியது வலி மாத்திரைக்குத்தான் காணும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பு, சாம்பல் பையைப் பிரித்துத் துரைக்கு வைத்தேன். தின்றான், தண்ணீர் குடித்தான், எங்களைத் திரும்பிப் பார்க்காமல் குளியலறைப் பக்கம் போனான். இவர் காலிக் கவரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பல்லு?” என்றார்.

“இடது பக்கம் இருக்குல்ல.”

கவரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, “சீட்டு ஒட்டும்போது உன்ன நெனச்சேன்” என்றார்.

“நெனச்சும் ஒட்டினீங்கல்ல?”

“ஒட்டினேன்.”

அதற்கு நான் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. எட்டு மாசத்துப் பல் வலியையும் சேர்த்துக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் குளியலறையில் துரை மண் தட்டில் ஏறி உட்காரும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எழுந்துபோய் வாசலில் நின்றோம். துரை எங்களை முறைத்தான். அப்புறம் மூத்திரம் மண்ணில் விழுந்தது, தடையில்லாமல், நீளமாக. அது முடியும் வரைக்கும் சண்டையை நிறுத்தி வைத்தோம்.