இதை எந்த ராஜா தலையில் கட்டலாம்?

"இதை எந்த ராஜா தலையில கட்டலாம், தம்பி?" என்று காதில் பென்சிலைச் செருகியபடி கேட்டார் எங்கள் சக்கரவர்த்தி. கையில் ஒரு துண்டுச் சீட்டு. 'ஈரத் துண்டைக் கட்டிலில் வீசுகிறவனை நம்பி ஒரு நாட்டை விடாதே.' நான் காகிதம் வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு, "போன மாசம் பூரா பாரசீகம்தாண்ணே வந்துச்சு. கிரேக்கத்துப் பக்கம் போங்க" என்றேன். உடனே அடியில் எழுதிவிட்டார்: கிரேக்க மன்னர் ஒருவர்.

தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் அடிக்கும் பிரஸ் எங்களுடையது. ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு பொன்மொழி வேண்டும். அதைத் தேடித் தருவதும் பிழை பார்ப்பதும் இவர் வேலை. முன்பெல்லாம் ஒழுங்காக நூலகத்தில் உட்கார்ந்து எழுதி வருவார். நாலு வருடமாக அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. இன்றைக்கு அவர் தலையில் மிச்சமிருக்கும் முடியைவிட அவர் பெற்றுப்போட்ட ராஜாக்கள் அதிகம். சட்டையில் இரண்டு பொத்தான் கிடையாது, ஆள்வது மூன்று கண்டம்.

அத்தனையும் சொன்னது ஒரே ஆள்தான். அவருடைய சம்சாரம். "ஈரத் துண்டைக் கட்டில்ல போடுறீங்களே, உங்களை நம்பி ஒரு வீட்டை விட முடியுமா?" என்று அந்த அம்மாள் திட்டியதில் வீட்டை நாடாக்கினார், வேலை முடிந்தது. பால் பொங்கி வழிந்ததற்கு வாங்கிய திட்டு என்றால் கோட்டை விழுந்துவிடும்.

ஒரு பள்ளிக்கூட விழாவில் பெரிய மனிதர் ஒருவர், "சீனப் பேரரசர் சொன்னார்!" என்று கையை உயர்த்தி, எங்கள் காலண்டர் வரி ஒன்றை முழங்கினார். கைதட்டலில் கூரை இரண்டடி எழும்பி உட்கார்ந்தது. சக்கரவர்த்தி என் காதில், "பாத்ரூம் லைட்டை அணைக்காததுக்கு வாங்குனதுடா அது" என்றார்.

அந்த அம்மாள் நாலு வருடமாக வேறு ஊரில், மகள் வீட்டில். இவர் போன் செய்தால் எடுப்பதில்லை.

"அப்படி என்னதாண்ணே சொன்னீங்க?"

"சண்டைல, 'போறதுன்னா போ'ன்னேன். போயிட்டா." பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். "அதை மட்டும் எந்த ராஜாவும் சொல்லலைடா. நானேதான் சொன்னேன்."

ஒவ்வொரு வருடமும் முதலில் தைத்து முடிக்கிற காலண்டர் மகள் வீட்டுக்குப் போகும். தாளைக் கிழிக்கையில் அந்த அம்மாள் தன் பேச்சைப் பார்ப்பாள், 'என் வார்த்தையைத் திருடி எவனோ ராஜாவுக்குத் தர்றீங்களா?' என்று சண்டை போடவாவது கூப்பிடுவாள் என்பது இவர் நம்பிக்கை. சண்டை போட்டாலே போதும் மனிதருக்கு. "வீட்டுல இப்போ பேசுறது ஃப்ரிட்ஜ் மட்டும்தான். அதுவும் பாதி நேரம் கோவிச்சுக்கிட்டு நின்னுடுது" என்பார்.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் மகள் கூப்பிட்டாள். அவருடைய போன் ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசும், ஆகவே பிரஸ்ஸே கேட்கும். நாலு வருடமாகக் கேட்கத் தைரியமில்லாததை அன்றைக்குக் கேட்டுவிட்டார்.

"காலண்டரை... அம்மா படிக்கிறாளாம்மா?"

"தினமும் அம்மாதாம்ப்பா கிழிக்கிறாங்க. ஆனா எங்க படிக்கிறது? தேதி மட்டும்தான் தெரியுதாம். கீழ இருக்கறது எறும்பு ஊர்ற மாதிரி இருக்காம். டாக்டர்ட்ட வாங்கன்னா வந்தாத்தானே!"

"முதல்லேர்ந்தே அப்படியா?"

"இங்க வந்ததுலேர்ந்தே அப்படித்தாம்ப்பா. ஏன்?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா கேட்டேன்."

கிட்டத்தட்ட ஆயிரத்து ஐந்நூறு தாள். கிண்டலுக்கு என்னிடம் எப்போதும் பஞ்சமில்லை. அன்றைக்கு மெஷினுக்கு எண்ணெய் போடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

கையைக் கழுவிவிட்டு, அச்சுக்கோப்புக் கம்ப்யூட்டரில் இருக்கும் பெண்ணிடம் போய் நின்றார். அடுத்த வருடத்தின் முதல் தாள் திரையில் இருந்தது.

"கீழ இருக்கற வரியைப் பெருசாக்கும்மா."

பெரிதாக்கினாள். "போதுமாண்ணே?"

"இன்னும்."

"அண்ணே, இதுக்கு மேல போனா தேதி மேல ஏறிடும். முதலாளி என்னைத் தொலைச்சிடுவாரு."

"தேதியை ஓரமா ஒதுக்கிவிடு. அவர்ட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். தேதி மூலைக்குப் போனது, எழுத்து திரை முழுக்க விரிந்தது. சக்கரவர்த்தி தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்து, வாசல் கதவில் முதுகு முட்டியதும் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.