ஐசிங்கில் யாராவது சர்க்கரை போடுவார்களா?

1973 என்று நினைக்கிறேன். என் கணவருக்கு மாற்றலாகி நாங்கள் தருமபுரிக்குக் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மாடியில் நாங்கள், கீழே வீட்டுச் சொந்தக்காரர் குடும்பம். அவர்களுக்குப் பாலக்கோடு பக்கம் கரும்பு வயலும், வெல்லமும் சர்க்கரையும் காய்ச்சும் ஆலையும் இருந்தன. நான் அவரை அண்ணா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன்.

அண்ணாவுக்குச் சர்க்கரை வியாதி. கால் கட்டைவிரலில் முள் குத்திய புண் இரண்டு மாதமாக ஆறாமல் இருந்தது. தினமும் காலையில் அக்கா, சிறுநீரில் சில சொட்டை ஒரு நீல மருந்தில் விட்டு, கண்ணாடிக் குழாயில் காய்ச்சிப் பார்ப்பார். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாற மாற ஆபத்து. அவர்கள் வீட்டுக் குழாய் ஒரு நாள்கூட நீலமாக நின்றதில்லை. மாதக் கடைசிக்குள் புண் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“சக்கரைய வூட்டுக்குள்ளயே சேக்கறதில்லம்மா. இந்தப் பாழாப்போன கொழா மட்டும் மஞ்சளாவே வருது” என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இந்த நேரத்தில் பேத்தியின் முதல் பிறந்த நாள் வந்தது. பெங்களூரில் பார்த்ததுபோல கேக் வெட்ட வேண்டும் என்று அண்ணாவுக்குப் பல நாள் ஆசை. “நான் திங்காத கேக்கு எதுக்கு? வேணாம், விடுங்க” என்று இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சிரித்துப் பல நாளாகிறது என்று அக்கா சொன்னார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். திருச்சி பொன்மலையில் எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய அம்மாவிடம் கேக் செய்யக் கற்றவள் என்ற பெருமை என்னை விடவில்லை. “சர்க்கரையே இல்லாமல் ஐசிங் வைத்து நான் செய்கிறேன் அண்ணா, நீங்களும் ஒரு துண்டு சாப்பிடலாம்” என்று சொல்லிவிட்டேன். ஒரு சின்னத் துண்டு என்றால் பரவாயில்லை என்று டாக்டரும் சம்மதித்தார்.

மருந்துக் கடையில் சாக்கரின் மாத்திரை வாங்கினேன். முதல் தடவை பாலில் போட்டுக் கொதிக்கவைத்தேன், வேப்பெண்ணெய் தோற்றது. அடுத்த தடவை மாத்திரையைக் கூட்டினேன், இன்னும் கசந்தது. என் கணவர் ருசி பார்க்கக் கூப்பிட்டாலே செருப்பைத் தேட ஆரம்பித்தார். நாலாவது தடவைதான் பிடி கிடைத்தது. இரண்டே மாத்திரையை ஒரு கரண்டி தண்ணீரில் கரைத்து, சூடு காட்டாமல், வெண்ணெயும் துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிரும் சேர்த்து அடித்தால் தித்திப்பாக வந்தது. கேக்கில் இனிப்பே போடாமல், மணல் பரப்பிய சட்டிக்குள் வைத்துக் கோதுமை மாவில் சுட்டேன். இனிப்பெல்லாம் ஐசிங்கில் மட்டும்தான்.

ரோஜாப்பூ பிழிய எனக்கு வராது. அதனால் கேக்கையும் ஐசிங் பாத்திரத்தையும் கடைத்தெருவில் பேக்கரி வைத்திருந்த பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். “பாய், சர்க்கரை ஒரு துளிகூடச் சேரக் கூடாது” என்று மூன்று முறை சொன்னேன்.

அவர் சிரித்தார். “ஐசிங்குல யாராவது சக்கரை போடுவாங்களாம்மா? நீங்க கவலப்படாம போங்க.”

விஷயம் தெரிந்த மனிதர் என்று நிம்மதியாக வந்துவிட்டேன்.

சாயங்காலம் கூடம் நிறைய உறவினர்கள். பாயே கேக்கை எடுத்துவந்தார். வெள்ளை வெளேரென்று, சுற்றிலும் ரோஜா. அண்ணாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பேத்தியை மடியில் வைத்து, அவள் கையைப் பிடித்து வெட்டினார். நான் துண்டு போட்டு முதல் தட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, கத்தியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்தேன். நறநறவென்றது. சாக்கரின் எப்படி நறநறக்கும்?

அண்ணா துண்டை வாய்க்கருகே கொண்டுபோயிருந்தார். பாய்ந்து போய்த் தட்டோடு பிடுங்கிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் வாயில் போகிறதை, குடியிருப்பவள் அத்தனை பேர் முன்னால் தட்டிப் பறித்தால் எப்படி இருக்கும்?

“பாய், சர்க்கரை போட்டீங்களா?”

“அல்லா மேல ஆணையா போடலம்மா. சக்கரை போட்டா ஐசிங்கு பழுப்பாயிடுமே. நீங்க குடுத்தது பூ நிக்கல, தொளதொளன்னு இருந்திச்சு. அதான் அஸ்காவ நைசா பொடிச்சுப் போட்டேன்.”

“அஸ்காவா? அப்படின்னா?”

பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அக்கா உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். வெள்ளைச் சர்க்கரை. நான் திருச்சிக்காரி, எனக்குச் சர்க்கரை என்றால் அதுதான். இந்த ஊரிலோ அதற்குப் பேர் அஸ்கா. சர்க்கரை என்றால் கரும்பாலையில் காய்ச்சி எடுக்கும் பழுப்பு நாட்டுச் சர்க்கரை.

எனக்கு அப்போதுதான் வேறொன்று உறைத்தது. “அக்கா, அண்ணாவுக்கு இப்போ காபியில் என்ன போடறீங்க?”

“டாக்டர் சக்கரைய நிறுத்தச் சொன்னதுலருந்து நம்ம ஆலைச் சக்கரையத் தொடறதே இல்லம்மா. கடையில காசு குடுத்து அஸ்கா வாங்கித்தான் போடறேன். நாளைக்கு நாலு காபி.”

“ஐயோ அக்கா, பேர்தான் வேற, அதுவும் சர்க்கரைதான்” என்றேன். முதலில் சிரித்தவர் அண்ணாதான். வயிறு குலுங்கச் சிரித்தார். “ரெண்டு மாசமா எனக்கு நீதான் ஊட்டி வுட்டியா?” என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார். அக்கா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். பாய்தான் பாவம், தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எழுந்து, “வெண்ண இருந்தா குடுங்கம்மா” என்று வாங்கி அவர் கையாலேயே அடித்தார். நான் மாத்திரை கரைத்துக் கொடுத்தேன். அண்ணாவின் துண்டில் பழைய ஐசிங்கைச் சுத்தமாக வழித்தெடுத்துப் புதியதைப் பூசினோம். பூவும் இல்லை, ஒன்றும் இல்லை.

“செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாப்ல இருக்குது. ஆனா தித்திக்குதும்மா” என்று அண்ணா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். அதைவிடப் பெரிய பாராட்டு என் சமையலுக்கு இன்றுவரை கிடைத்ததில்லை.

காபியில் அஸ்கா நின்றது. பன்னிரண்டாம் நாள் காலை, நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது அக்கா மூச்சிரைக்க மாடியேறி வந்தார். இடுக்கியில் பிடித்த குழாயை என் அடுப்பங்கரையிலேயே தூக்கிக் காட்டினார். தோசைக்குப் பக்கத்தில் காட்டுகிற பொருளா அது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை அழகான நீலம். மாதக் கடைசியில் புண் வாய் மூடத் தொடங்கியது. விரல் தப்பியது.

அந்தப் பேத்தியின் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். அண்ணா செருப்பில்லாமல் மணமேடை ஏறினார். எல்லோரும் மணப்பெண்ணைப் பார்த்தார்கள். நான் அவர் காலைப் பார்த்துப் பத்து விரலையும் எண்ணிக்கொண்டேன். எதிரே இருப்பவர் சொல்கிற சொல் எனக்குத் தெரிந்த சொல்தான் என்று உடனே தலையாட்டிவிடும் பழக்கம் அந்தக் கேக்கோடு போயிற்று, “உங்க ஊர்ல எதைச் சொல்றீங்க?” என்று இன்றும் வெட்கப்படாமல் கேட்கிறேன், ஏனென்றால் நாங்கள் எல்லோரும் புரிந்ததுபோல ஆட்டிய தலைகளுக்கு ஒரு மனிதரின் கால்விரல் விலையாகப் போகவிருந்தது.