நோய் போகவில்லை, காவல் சோரவில்லை

ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு படுத்திருந்த என்னை எழுப்பி, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். 1994, சித்திரை வெயில். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பித்தப்பையில் கல் என்று போயிருந்தேன். ஏன் ஆபரேஷன் இல்லை என்று நர்ஸிடம் கேட்டேன். அவள் ட்ரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் என் கணவர் அருள்ராஜை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்த அவர், என்னைப் பஸ் ஏற்றி எங்கள் ஊரான ராஜபாளையத்துக்குக் கூட்டிவந்தார். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஒன் ரத்தத்துல எச்.ஐ.வி. இருக்காம் மெர்சி."

அன்றைக்கு அந்தப் பெயருக்கு ஒரே அர்த்தம்தான். நடத்தை கெட்டவர்களுக்கு வரும், வந்தால் சாவு. நான் ஒரு நூல் மில்லில், நூலைச் சுற்றுகிற வைண்டிங் பிரிவில் வேலை பார்க்கிறவள். அவர் அதே மில்லில் ஃபிட்டர். மில், வீடு, சபை, இதைத் தாண்டி எங்களுக்கு வேறு உலகம் கிடையாது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நானும் அவரை அப்படித்தான் பார்த்தேன். எனக்கு வாய் நீளம் என்று மில்லில் பெயர். அன்றைக்கு அந்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

விடிகிற நேரத்தில் அவருக்குத்தான் ஞாபகம் வந்தது. 1987இல் எங்கள் மகள் ஜாய் பிறந்தபோது எனக்கு உதிரம் நிற்கவில்லை. யாரோ முகம் தெரியாத ஒருவருடைய இரத்தத்தை ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். அந்த நாளில் க்ரூப் சேருகிறதா என்று பார்ப்பார்களே தவிர, உள்ளே என்ன கிருமி இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? நோய் வந்த வழி தெரிந்ததும் எங்களுக்குள் இருந்த சந்தேகம் போனது. ஆனால் அடுத்த நிமிஷமே அதைவிடப் பெரிய பயம் பிடித்துக்கொண்டது. அந்த இரத்தம் ஏறிய பிறகுதானே பிள்ளைக்குப் பால் கொடுத்தேன்!

மதுரைக்குப் போய் அவருக்கும் ஜாய்க்கும் இரத்தம் எடுத்தோம். ரிசல்ட் வரும்வரை நான் சோறு வடிப்பேன், பரிமாறுவேன், ஆனால் என் தட்டை அப்படியே மூடி வைத்துவிடுவேன். ஜாய் இருமினால் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். "ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும், பிள்ளையை விட்டுவிடும்" என்று சமையலறைத் தரையில் விழுந்து கிடந்தேன். இரண்டு பேருக்கும் இல்லை என்று வந்தது. அந்த டாக்டர் மேஜையின் முன்னாலேயே முழங்கால் போட்டுவிட்டேன். அவர் ஆணுறை பற்றி எங்கள் இரண்டு பேருக்கும் விளக்கிச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, இதற்கு மருந்து இல்லை, எனக்குச் சில வருஷங்கள் கிடைக்கலாம் என்றார்.

எங்கள் ஜெபக்குழுவை நடத்திய சகோதரர் தேவதாஸிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னோம். நல்ல மனிதர். எங்களோடு உபவாசம் இருந்து அழுதவர். ஒரு வெள்ளிக்கிழமை ஜெபத்தில் என் தலையில் கை வைத்து, "சுகமாயிருச்சு தங்கச்சி! இனிமே டெஸ்ட்டுன்னு போயி ஆண்டவரைச் சோதிக்காதீங்க" என்றார். எங்களிடையே ஒரு வழக்கம் உண்டு. சுகம் கண்ணில் தெரியுமுன்பே, கிடைத்துவிட்டது என்று வாயால் அறிக்கை செய்துவிட வேண்டும். அதுதான் விசுவாசம் என்பார்கள். அடுத்த வருஷம் மே மாதம் பந்தல் போட்டு நடக்கும் கன்வென்ஷன் கூட்டத்தில் நான் மேடையேறிச் சாட்சி சொல்வதாகவும் முடிவானது.

நானும் நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? ஒரு காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. மில்லில் என் பக்கத்துப் பெண்கள் இருமிக்கொண்டு கிடக்க, நான் கல்லுக்குண்டு மாதிரி நின்று வேலை பார்த்தேன். அப்படியிருக்கும்போது ஒருநாள் அருள்ராஜ் சொன்னார்.

"சுகமாயிருச்சுன்னு ஆன பொறவு டாக்டர் சொன்ன அந்தப் பாதுகாப்பெல்லாம் எதுக்கு? ஜாய்க்கு ஒரு தம்பி வேண்டாமா? நாமளே நம்பலைன்னா எப்படி?"

ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் கிருமி உள்ளே இருந்தால்? நான் போவேன், அவரும் போவார், ஜாய் யார் வீட்டு வாசலில் நிற்பாள்?

"ஏங்க, ஒரே ஒரு தடவை டெஸ்ட் எடுத்துருவோம். இல்லைன்னு வந்தா நீங்க சொல்லுத மாதிரியே இருப்போம். ஆண்டவர் சுகம் குடுத்திருந்தா அது ஊசியைக் கண்டு ஓடியா போயிரும்?" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்தது. எனக்கு அவிசுவாசம் என்றார். கடைசியில் கன்வென்ஷனுக்கு முன்னால் சென்னைக்குக் கூட்டிப்போனார். அங்கே டி செல்களை எண்ணிப் பார்க்கிற வசதியும் இருந்தது. எனக்கு அது என்னவென்றே அன்றைக்குத் தெரியாது. நான் ஜெபித்தது ஒன்றுதான்: இல்லை என்று வரட்டும்.

இருக்கிறது என்றே வந்தது.

அருள்ராஜ் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இந்த மனிதரை என் கையாலேயே கொல்ல இருந்தேனே என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. எதிரே இருந்த டாக்டரம்மா மட்டும் இன்னொரு தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரத்தம் ஏத்தி எட்டு வருஷமாச்சா? நிச்சயமா?" என்றார். ஆமாம் என்றோம். பிறகு பொறுமையாகச் சொன்னார். டி செல் என்பது நம் இரத்தத்தில் இருக்கிற காவல்காரன். அதில் ஒரு வகை, எதிரி வந்துவிட்டான் என்று மற்றவர்களை ஏவிவிடும். இன்னொரு வகை, கிருமி புகுந்த செல்லைத் தேடிப் பிடித்துக் கொல்லும். இந்தக் கிருமியோ ஏவிவிடுகிற காவல்காரனுக்குள்ளேயே போய்க் குடியிருக்கும். ஆட்கள் குறைந்துகொண்டே வருவார்கள். கொல்லுகிற செல்களும் வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக் களைத்துவிடும். எதிரி முன்னால் நின்றாலும் கை ஓங்காது.

"மில்லுல ஆள் மாத்தி விடாம ஷிப்ட் மேல ஷிப்ட் பாக்க வச்சா நிக்கிற எடத்துலயே தூங்கிருவாங்களே, அப்படியாம்மா?" என்று கேட்டேன்.

"அதேதான். ஆனா உங்க காவல்காரங்க இன்னும் தூங்கல. எண்ணிக்கை நோயில்லாதவங்களுக்கு இருக்கற மாதிரியே இருக்கு. ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் இப்படி. காரணம் எங்களுக்கே முழுசாத் தெரியாது. எவ்வளவு நாள் நிக்கும்னும் சொல்ல முடியாது. வருஷா வருஷம் வந்து பாருங்க. வீட்டுக்காரர் விஷயத்துல ஒருநாளும் அசட்டையா இருக்காதீங்க."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அருள்ராஜ் குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் 1994இலிருந்துதான் ஜெபித்தேன். என் ஆண்டவரோ, எனக்கு நோய் இருக்கிறது என்றே தெரியாத நாளிலிருந்து என் இரத்தத்துக்குள் காவல் வைத்திருந்தார். கேட்குமுன்பே கிடைத்ததைப் பார்க்காமல், கேட்டது கிடைக்கவில்லை என்று அழ வந்தேனே!

கன்வென்ஷன் அன்று பந்தலில் தலை தலையாக இருந்தது. சென்னை ரிசல்ட்டை அறியாத சகோதரர் தேவதாஸ் மைக்கை என் கையில் கொடுத்தார். பொய் சொன்னால் பந்தல் முழுக்க அல்லேலூயா கேட்கும். உண்மையைச் சொன்னால் நாளைக்கு மில்லில் என் பக்கத்தில் யார் நிற்பார்கள்?

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. ஜெபம் பண்ணின பொறவும் இருக்கு" என்றேன்.

சகோதரர் மைக்கை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. டாக்டரம்மா சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். "சுகமானவங்க சாட்சி சொல்லட்டும், நல்லது. ஆனா சுகமாயிருச்சுன்னு நெனச்சு டெஸ்ட்டை விட்டுறாதிய. நான் விட்டிருந்தா இந்தா நிக்காவளே, இவுகளையும் சேத்துப் பறிகொடுத்திருப்பேன்" என்று அருள்ராஜைக் காட்டினேன். முன்வரிசையில் இருந்த ஒருத்தி பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு பட்டது கொஞ்சமல்ல. மில்லில் என் தம்ளரைத் தனியே வைத்தார்கள். சபையில் என் பெஞ்சில் எனக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது. ஆனால் சில வாரங்களில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். "அக்கா, எனக்கும் இருக்குன்னு சொல்லுதாவ. ஒங்களைக் கண்ட பொறவுதான் சாக வேண்டாம்னு தோணுச்சு" என்றாள். நானும் அருள்ராஜும் அவளை மதுரைக்குக் கூட்டிப்போனோம். அவளுக்குப் பின் வேறு சிலரும் வந்தார்கள். சகோதரர் தேவதாஸே ஒருவரிடம், முதலில் டெஸ்ட் எடுங்கள், பிறகு ஜெபிக்கலாம் என்று சொல்லி எங்களிடம் அனுப்பினார். அந்தப் பித்தப்பைக் கல்லையும் சென்னையில் எடுத்துவிட்டார்கள்.

இப்போது 1999. ஜாய் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள், வாயும் என்னைப் போலவே. அருள்ராஜுக்கு இன்றுவரை நோய் இல்லை. என் டி செல்கள் சென்ற முறை சற்றுக் குறைந்திருந்தன. பயமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். புதிய மருந்துகள் வருகின்றன என்கிறார் டாக்டரம்மா. தேவைப்படும் நாளில் அதையும் கர்த்தர் கையிலிருந்தே வாங்கிக்கொள்வேன்.

இதே பயத்தோடு இதை வாசிக்கிறவர் யாராவது இருப்பீர்கள். எழுந்து போய் டெஸ்ட் எடுங்கள். எந்தப் பதில் வந்தாலும் அதோடு ஆண்டவரிடம் போய் முழங்கால் போடுங்கள், அவர் தள்ளமாட்டார். என் இரத்தத்தில் நோய் இன்னும் இருக்கிறது. நானும் இன்னும் இருக்கிறேன். ஸ்தோத்திரம்.