பழப்புளி போட்டு மினுக்கிய மெடல்

பழப்புளியும் கோப்பியும் கலந்த ஒரு மணம்... இருபது வருடமாகியும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

2004. இத்தாலியில், பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் ஒரு வீடு. எண்பத்தொன்பது வயதுக் கிழவர் ஒருவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குளிப்பாட்டுவேன், சவரம் செய்துவிடுவேன், பாஸ்தா அவித்துக் கொடுப்பேன், பின்னேரம் பால்கனியில் கொண்டுபோய் இருத்துவேன்.

'நொன்னோ' என்று கூப்பிடுவேன். தாத்தா என்பதற்கு அவர்களுடைய சொல் அது. அவர் என்னை 'மகனே' என்பார். மீனில் முள் எடுத்து, முதல் துண்டை என் தட்டில் வைக்கிற மனிதர்.

கலியாணம் முடித்துப் பதினோராம் நாள் மனைவியை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தவன் நான். அவளைக் கூப்பிட என் பெர்மெசோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். பெர்மெசோவுக்கு, நொன்னோவின் மகள் கையெழுத்துப் போட்ட வேலை ஒப்பந்தம் வேண்டும். அந்த ஒரு கடதாசியில்தான் எங்கள் இரண்டு பேரின் வாழ்க்கையும் தொங்கிக்கொண்டிருந்தது.

நொன்னோவின் தலைமாட்டில் ஒரு கண்ணாடிப் பெட்டி... உள்ளே மூன்று மெடல். ஆபிரிக்காவிலும் கிரேக்கத்திலும் சண்டை பிடித்தவர் என்று மகள் பெருமையாகச் சொல்வார். முதல் கிழமை அந்தப் பெட்டிப் பக்கம் நான் திரும்பவே இல்லை. பதினாலு வயதில், எங்கள் வீட்டை ஆமி கொளுத்தியதைப் பனங்காட்டுக்குள் ஒளித்திருந்து பார்த்தவன் நான். ஆனால் எழும்பி நடக்கவே முடியாத கிழவருக்கு எத்தனை நாள்தான் பயப்படுவது?

ஒருநாள் மகள் வந்தார். ஞாயிற்றுக்கிழமை பழைய போர்வீரர்களுக்கு ஒரு விழாவாம். மெடல்களைக் கொஞ்சம் துடைத்து வைக்கச் சொன்னார்.

துடைப்பதா! அதில் ஒரு வெண்கல மெடல் அடுப்படிச் சட்டி மாதிரிக் கறுத்துக் கிடந்தது. கறுத்த விளக்கைக் கண்டால் எங்கள் ஆட்களின் கை சும்மா இருக்குமா? ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்து வங்காளி கடையில் பழப்புளி வாங்கி, கரைத்து, உப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். ஐந்தே நிமிடம்... பளபளவென்று வந்துவிட்டது. எனக்கோ தலைகால் தெரியாத சந்தோஷம்.

எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. 'வலோரே' என்று இருந்தது. எனக்குத் தெரிந்த வலோரே, கந்தோர்க் கடதாசிகளில் ஒட்டுகிற முத்திரையில் வருகிற வலோரே. பெறுமதி. அதற்கு வீரம் என்றும் ஒரு பொருள் உண்டென்று எனக்கு யார் சொல்லித்தந்தது?

கோப்பியோடு மெடலையும் கொண்டுபோய் அவர் கையில் வைத்துப் பகிடியாகக் கேட்டேன்.

"நொன்னோ, இதிலை வலோரே எண்டு போட்டுக் கிடக்கு. எவ்வளவு பெறுமதி?"

அவர் அதையே பார்த்தார். கோப்பி சரிந்து மடியில் ஊற்றுப்பட்டதையும் கவனிக்கவில்லை.

"ஒரு ஊர்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். அவர் இத்தாலியனில் சொன்னது எனக்குள் இன்றைக்கும் தமிழில்தான் கிடக்கிறது.

"ஆபிரிக்காவிலை ஒரு ஊர். எல்லாம் புல்லு வேய்ஞ்ச வீடுகள். உள்ளுக்கை ஆக்கள் இருக்கேக்கையே கொளுத்தச் சொன்னாங்கள். முதல் நெருப்பு வைச்சது நான். அதுக்குத்தான் இது தந்தவங்கள்..."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கறுத்துக் கிடக்கட்டும் எண்டுதானே விட்டனான், மகனே. ஏன் மினுக்கினாய்?"

நான் அவருடைய கையையே பார்த்தேன். காலையில் நான் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டது இந்தக் கையையா? எனக்கு மீன்முள் எடுத்துத் தருகிறது இந்தக் கையா? எங்கள் வீட்டுக்கு நெருப்பு வைத்தவனும் எங்கேயோ இப்படித்தான் நல்ல தாத்தாவாக இருப்பானோ...

மகள் வந்ததும் ஜக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த சிவம் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாளைக்கு நான் போகேல்லை, அண்ணை."

"உனக்கென்ன விசரே? வேலை போனால் பெர்மெசோவும் போச்சு. அந்தப் பிள்ளையை எப்பிடிக் கூப்பிடப்போறாய்?"

"அந்தக் கையைப் பிடிக்கேலாது, அண்ணை."

"பிடிக்காதை. மனிசி வருமட்டும் கண்ணை மூடிக்கொண்டு கழுவு."

போனேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன்... அவளுக்காகத்தான் போனேன். சிவம் அண்ணை சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டுதான் அந்தக் கையைக் கழுவினேன்.

ஞாயிறு வந்தது. நொன்னோவுக்குக் கோட்டுப் போட்டு, கண்ணாடி முன்னால் இருத்தி, மெடல் குத்தினேன். ஒன்று... இரண்டு... மூன்றாவதுக்குக் கை போகவில்லை. ஊசியைத் திறந்தபடியே நின்றேன். கீழே மகளின் கார் ஹோர்ன் அடிக்கிறது.

நொன்னோ கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

"உன்ரை வீடும் அப்பிடியோ?"

ஒருநாளும் அவருக்கு நான் சொன்னதில்லை. எப்படித் தெரிந்ததோ...

"ஓம், நொன்னோ."

என் கையிலிருந்து மெடலை வாங்கினார். கண்ணாடி மேசை லாச்சியைத் திறந்து உள்ளே போட்டுத் தானே மூடினார். மேலே ஏறி வந்த மகள் மற்றது எங்கே என்று கேட்டதற்கு, "துலைஞ்சு போச்சு" என்றார். அழுகையை அடக்க முடியாமல் நான் குசினிக்குள் போய் நின்றேன். யாருக்காக அழுதேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த வருடம் மனைவி வந்தாள். அதற்கடுத்த வருடம் நொன்னோ போய்விட்டார். கடைசி வரை நான்தான் குளிப்பாட்டினேன்... கண்ணை மூடாமல்.

இப்போது பலெர்மோவில் எந்த மூலையிலும் பழப்புளி கிடைக்கிறது. வலோரேக்கு இரண்டு பொருள் உண்டென்று மகன் எனக்கே வகுப்பெடுக்கிறான். டிவியில் ஏதாவது ஒரு நாட்டு ராணுவ அணிவகுப்புப் போனால், "பப்பா, பாருங்கோ, எத்தனை மெதாலியா!" என்று வாயைப் பிளப்பான்.

நானும் அவனோடு சேர்ந்து எண்ணுவேன். அவன் மெடலை எண்ணுவான்... நான் ஊரை எண்ணுவேன்.