பிளந்த பாறைக்குக் கீழே இரண்டு செடிகள்

கயல், முகில், ஈரச் செய்தித்தாளுக்குள் இலை காய்கிற வாசனையை நீங்கள் முகர்ந்திருக்க மாட்டீர்கள். மை வாசனை பாதி, பச்சை வாசனை பாதி, அதற்கு மேலே "பாச்சா உருண்டை"யின் நெடி; மூன்றும் சேர்ந்து மூக்குக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டால் சோறு சாப்பிடும்போதுகூட எழுந்து போகாது. எனக்குப் பத்து வயதான வருஷம் அடி அண்ணாமலையில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீடு முழுக்க அந்த வாசனைதான். போன வாரம் கிரிவலப் பாதையில் நடக்கும்போது நீங்கள் இருவரும் போனை நீட்டி நீட்டி ஒவ்வொரு செடிக்கும் பேர் கேட்டீர்கள், அதுவும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே வந்தது. "பேரே இல்லாத செடி ஏதாவது இருக்காப்பா?" என்று முகில், நீ கேட்டாய். நான் பேச்சை மாற்றி கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். வாயால் சொல்ல வராத விஷயம் அது, அதனால் எழுதுகிறேன். நான் பன்னிரண்டாவதோடு நின்று மோட்டார் ரிப்பேருக்குப் போனவன். பிழை இருந்தால் கயல் திருத்திக்கொள்ளட்டும்.

உங்கள் செல்வி அத்தை, என் அக்கா, அப்போது கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். படிப்பு முடிவதற்குள் ஐம்பது செடிகளைச் சேகரித்து, நசுங்காமல் காயவைத்து, தடித்த வெள்ளைத் தாளில் நூலால் தைத்து, வலப்பக்கக் கீழ் மூலையில் ஒரு சீட்டு ஒட்டி, அதில் குடும்பம், பேரினம், சிற்றினம், உள்ளூர்ப் பெயர், எடுத்த இடம், எடுத்தவர் பெயர் என்று எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இரண்டு பலகைகளுக்கு நடுவே செய்தித்தாள்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு செடியைப் படுக்கவைத்து, மேலே அரிசி மூட்டையை ஏற்றுவாள். மூட்டையில் அரிசி "கம்மி"யான மாதக் கடைசியில் மூட்டைக்குப் பதில் நான் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். தாளைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். அந்தத் தாள்களெல்லாம் அப்பாவின் பெட்டிக்கடையில் கடலை மடிக்க வாங்கிவைத்தவை. "கடலைய இனிமே வர்றவங்க கையில கொட்டட்டுமா?" என்று அப்பா கேட்பார், மறுநாளும் ஒரு கட்டை அவரே கொண்டுவந்து வைப்பார்.

அப்பாவிடமும் ஒரு வகைப்பாடு இருந்தது. சாப்பிடுகிறது, சாமிக்குப் போடுகிறது, இவை இரண்டிலும் சேராததெல்லாம் "செடி". அக்காவிடமோ குப்பைமேனி "அகலிபா இண்டிகா" ஆனது, தும்பை "லூக்காஸ் ஆஸ்பெரா" ஆனது. அவற்றை மந்திரம்போல முணுமுணுத்துக்கொண்டு நான் அவள் பின்னாலேயே திரிந்தேன். போகிற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு வருவதால் எனக்கு அவள் வைத்த பெயர் நாயுருவியின் பெயர். "ஏய் அகிராந்தஸ், கொஞ்சம் தள்ளி நட்றா" என்பாள். தெருப் பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டு என்னை "அக்கிரமம்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

தை மாதக் கடைசியில் ஒருநாள் மலையின் பின்பக்கம், ஆடுகள் போகிற ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். வீட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற ஒரு பெரும் பாறை அங்கே இரண்டாகப் பிளந்து நிற்கும், நாங்கள் அதைப் "பிளந்த பாறை" என்போம். அதன் நிழலில்தான் அந்த இரண்டு செடிகளும் நின்றன. என் முழங்கால் உயரம் இருக்கும். தண்டு விரல் தடிமன், இலைகள் மூன்று மூன்றாக இருந்தன, மேலே மங்கின பச்சை, கீழே திருப்பினால் பூனைக்குட்டி வயிறுபோல வெள்ளைப் பூமயிர். கசக்கினால் பச்சை வேர்க்கடலை வாசனை வந்தது. அக்கா புத்தகத்தைத் திறந்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் புத்தகம் கதைப்புத்தகம் மாதிரி இல்லை. முச்சந்தி முச்சந்தியாகப் போகிற தெரு மாதிரி. இலை எதிரெதிராக இருந்தால் இந்தப் பக்கம் போ, மாறி மாறி இருந்தால் அந்தப் பக்கம் போ என்று அது ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும், சரியான பதில் சொல்லிக்கொண்டே போனால் கடைசித் திருப்பத்தில் செடியின் பெயர் நிற்கும். இந்தச் செடிக்கு மூன்றாவது திருப்பத்திலேயே "இதழ்கள் எத்தனை, ஒட்டியவையா தனித்தவையா?" என்று கேட்டது. எங்களிடம் இதழே இல்லை. மலை முழுக்கத் தேடியும் வேறு எங்கும் அந்தச் செடி இல்லை.

ஊரில் கேட்டுப் பார்த்தோம். ஆடு மேய்க்கிற கன்னியம்மா இலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆடு துன்னாத செடிக்கு இன்னாத்துக்கும்மா பேரு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். டவுனில் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்த நூர் பாய் முகர்ந்தார், ஓரத்தைக் கடித்தார், வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். "மருந்துக்கும் ஆவாது, விஷத்துக்கும் ஆவாது. இதுக்குப் போயி பஸ் சார்ஜ் குடுத்து வந்தியாம்மா?" என்றார். கல்லூரியில் அக்காவின் மேடம் மட்டும் அவள் ஒடித்துக்கொண்டுபோன சிறு கிளையை லென்சின் கீழ் நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தாராம். "பூ இல்லாம பேர் சொல்ல முடியாது செல்வி. இலைய மட்டும் வச்சுச் சொல்றது, சட்டைய வச்சு ஆளைச் சொல்ற மாதிரி. நம்ம ஜில்லாச் செடிப் பட்டியல்லயே இல்லாததா இருந்தாலும் இருக்கலாம். பூ விரிஞ்ச அன்னைக்குச் சொல்லு, நானே மலை ஏறி வர்றேன்" என்றாராம். அன்று அக்கா பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் ஓடியே வந்தாள். அவள் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாசியில் மொட்டு வந்தது. மிளகு அளவில், பழுப்பு ரோமம் போர்த்திக்கொண்டு, கிளை நுனியில் கொத்துக் கொத்தாக. அக்கா கல்லூரி விட்டு வந்ததும் ஏறிப் போய்ப் பார்ப்போம், எதுவும் நடந்திருக்காது, இறங்கி வருவோம். "பேரு வைக்காத புள்ளைக்குப் பல்லு மொளைச்சுதான்னு பாக்கப் போறாங்க பாரு, அக்காவும் தம்பியும்" என்று அம்மா சிரிப்பாள். அப்பாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "ஒண்ணைத் தோண்டி எடுத்தாந்து தொட்டியில வச்சுடலாம்மா. ஆடு வாய் வச்சா இன்னா பண்ணுவ?" என்றார். அக்கா மறுத்துவிட்டாள். இரண்டு மூன்றுதான் இருந்தால் வேரோடு எடுக்கக் கூடாது, மொட்டைப் பறிக்கக் கூடாது, சின்னக் கிளை ஒன்றுக்கு மேல் தொடக் கூடாது என்பது சேகரிக்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். "அது இருக்கிற எடத்துல பூக்கட்டும்ப்பா" என்றாள். அவள் சொன்னது சரிதான். இன்றைக்கும் சரி என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் பின்னால் நடந்ததை யார் தலையிலும் என்னால் இறக்கிவைக்க முடியவில்லை.

பங்குனியில் மொட்டுகளின் நுனி லேசாக வெளுத்தது. மேடத்தை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லலாமா என்று அக்கா யோசித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றுகிற நேரத்தில், மலையில் தீ தெரிந்தது. புல்லுக்காக யாரோ வைத்தது என்றார்கள், பீடி என்றார்கள், யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. முதலில் ஒரு பொட்டு மாதிரி இருந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வருவதற்குள் அது ஒரு மாலை மாதிரி நீண்டு, காய்ந்த மஞ்சம்புல்லின் மேல் வழிந்துகொண்டு கீழே இறங்கியது. பிளந்த பாறை அதற்கு நேர் கீழே இருந்தது.

கார்த்திகை தீபம் பார்த்தே வளர்ந்த ஊர் பாருங்கள், மலைமேல் நெருப்பைக் கண்டால் கை தானாகக் கூடிவிடும். பாதையில் நடந்துகொண்டிருந்த வெளியூர்க்காரர்கள் அப்படியே நின்று "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றார்கள். ஒரு அம்மாள் தன் பேரனைத் தூக்கிக் காட்டிக் கும்பிடச் சொன்னாள். அக்கா அவளிடம் ஓடினாள்.

"அம்மா, அது தீபம் இல்லீங்க. காடு எரியுது. ஆள் கூப்பிடணும், கொஞ்சம் வழி விடுங்க."

அந்த அம்மாள் கோபப்படவில்லை. அக்காவின் கன்னத்தை வருடினாள். "எரியட்டும் கண்ணு. அவரே நெருப்பாதானே நிக்கறாரு? அவரை யாரு அணைக்கிறது?"

அக்கா அந்தக் கையை விலக்கிவிட்டு அப்பாவின் கடையைப் பார்த்து ஓடினாள். அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல எனக்கு இப்போதும் வாய் வரவில்லை. நானும் ஒவ்வொரு கார்த்திகைக்கும் அதே மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறவன்தான்.

அப்பா கடைச் சாக்குகளைத் தண்ணீரில் முக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெரு ஆட்களோடு கிளம்பினார். அக்கா பாதி வழி வரைக்கும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே போனாள். "பிளந்த பாறைப்பா. அதுக்குக் கீழ மட்டும் பாத்துக்கோங்கப்பா. ரெண்டே ரெண்டுப்பா." அப்பா அவளைத் திருப்பி அனுப்பிவிட்டு மேலே ஏறினார். நாங்கள் வாசலில் நின்றோம். ஆட்கள் தழையால் அடிக்கிற இடத்தில் நெருப்பு ஒரு கணம் அவிந்து, பக்கத்தில் எழுந்தது. பாறையின் கருப்பு உருவம் கொஞ்ச நேரம் வெளிச்சத்துக்கு முன்னால் தெரிந்தது. பிறகு வெளிச்சம் அதற்கு முன்னால் வந்துவிட்டது. அக்கா என் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள். வலித்தது.

அப்பா திரும்பி வந்தபோது புருவம் பொசுங்கி, முகம் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. சொம்புத் தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "நெருங்கவே முடியலம்மா. சாக்கே பத்திக்கிச்சு" என்றார். எல்லாவற்றையும் "செடி" என்ற ஒரே பெயரில் அடக்கிய மனிதர், ஒரு செடிக்காக மகளிடம் தலை குனிந்து நின்றார்.

தரை ஓரளவு ஆறிய பிறகு ஏறினோம். சாம்பல் செருப்பைத் தாண்டிக் கதகதத்தது, பாறையின் தோல் பாளம் பாளமாக உரிந்து கிடந்தது. அக்கா கொண்டை ஊசியால் மண்ணைக் கிளறினாள். விரல் நீளக் கரித்துண்டு ஒன்று வந்தது, தொட்டதும் உடைந்தது. "வேரு உள்ள இருக்கும்க்கா, மழை பெஞ்சா வரும்" என்றேன். "வரலாம்டா" என்றாள், அகிராந்தஸ் என்று சொல்லவில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தோம். புல் வந்திருந்தது, நெருப்பு எரித்த இடத்தில் எப்போதும் புல்தான் முதலில் வரும். அடுத்த வருஷமும் புல்தான்.

ஐம்பது தாள்களோடு ஐம்பத்தொன்றாக அந்தக் கிளையையும் தைத்து அக்கா கொடுத்தாள். சீட்டில் இடம் இருந்தது, எடுத்தவர் பெயர் இருந்தது, செடியின் பெயருக்கான கோடு வெறுமையாக இருந்தது. "பேர் இல்லாததுக்கு நான் மார்க் போட முடியாதும்மா. ஆனா இதைத் தூக்கிப் போட்டுடாதே" என்று சொல்லி மேடம் அந்த ஒரு தாளை மட்டும் அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

அக்கா இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். உங்களுக்கு அது தெரியும், அவள் செடி படித்தவள் என்பது உங்களுக்குத் தெரியாது. நாம் வேங்கிக்காலுக்குக் குடிவந்தபோது டிரங்குப் பெட்டியில் அந்தத் தாளைப் பார்த்தேன். இலையைப் பூச்சி தின்றுவிட்டது. அக்கா போட்ட தையல்கள் மட்டும் எதையும் பிடிக்காமல் தாளில் நின்றன. ஓட்டு வீடு இருந்த இடத்தில் இப்போது விடுதி இருக்கிறது. அப்பா இல்லை, கன்னியம்மாவின் ஆட்டுப் பாதைக்கு வேலி போட்டுவிட்டார்கள், மேலே போக அனுமதி கிடையாது. அந்தச் செடி உலகத்தில் வேறு எங்காவது, வேறு ஒரு பெயரில், சாதாரணமாகப் பூத்துக்கொண்டிருக்கலாம். அல்லது அந்த இரண்டுதானோ என்னவோ. அது எனக்குத் தெரியப்போவதில்லை.

இதுவரை எழுதிவிட்டு நிறுத்தியது பௌர்ணமிக்கு முந்தின நாள். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு கிணற்று மோட்டார் பார்க்கப் போனேன். கூட்டம் வடிந்து பாதை வெறிச்சென்று கிடந்தது. வேலி ஓரத்தில், மலையைப் பார்த்த ஒரு தட்டைக் கல்லின் மேல், யாரோ பெரிய கற்பூரக் கட்டியாக ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். காற்றில் சுவாலை படுத்துப் படுத்து எழுந்தது, படுக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்துக் காய்ந்த புல்லை எட்டப் பார்த்தது. நான் வண்டியை நிறுத்தினேன். செருப்பைக் கழற்றினேன். இரண்டு கையாலும் அனலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன்மேல் ஊற்றினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு, மிச்சத் தண்ணீரைப் புல்லிலும் ஊற்றிவிட்டு, புகை நிற்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.